"மிஸ்ஸி, இதுக்கு மருந்து இருக்கா?"

கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் திருகோணமலையில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். அதனால்தானோ என்னவோ, ஐம்பதைத் தொட்ட பெண்களின் வேர்வையை இங்கே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மீன் சந்தையில் என் வயதுக்காரி ஒருத்தி பாரைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று முகமெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கட்டியை எடுத்துப் பிடரியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி பேரம். "காத்துச் சூடில்லை மிஸ்ஸி, உள்ளுக்குள்ள இருந்து கிளம்புது" என்றாள்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உப்புவெளிப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளை நிறுத்து, குடும்பக் கட்டுப்பாடு விளக்கியே காலம் போனது. பிள்ளைப்பேறு முடிந்தால் ஒரு பெண் எங்கள் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைந்துவிடுவாள். அந்தக் குறையை ஓரளவு போக்கியது 1996 இல் நாட்டில் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக். 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்க்கிறார்கள். சோதனையெல்லாம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "இதுக்கு மருந்து இருக்கா?"

இருக்கிறது. பல விதமாக இருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தீட்டு வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோனைச் சுரப்பதைக் குறைக்க, உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் மூளைப் பகுதி சின்னச் சூட்டுக்கும் பதறுகிறது. வேர்வையும் படபடப்பும் தூக்கம் கெடுவதும் அதனால்தான். "ஒரு வருசத்தில சரியாகிடும்" என்பது ஊர்ப்பேச்சு. அமெரிக்காவில் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வொன்றில் இந்தச் சூடும் வேர்வையும் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். ஏழு வருடம் தூங்காமல் இருந்துகொண்டு வீட்டையும் தொழிலையும் பார் என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வராது.

குறைந்துபோன ஓமோனைத் திரும்பக் கொடுப்பதுதான் ஓமோன் சிகிச்சை. அதன்மேல் ஒரு பெரும் பயம் படிந்தது 2002 இல். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஓமோனும் சேர்ந்த குளிசை மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று உலகமெங்கும் செய்தி. கூட்டியது உண்மைதான். எவ்வளவு? ஒரு வருடத்தில் பத்தாயிரம் பெண்களில் மருந்து எடுக்காதோரில் 30 பேர், எடுத்தோரில் 38 பேர். பாரிசவாதமும் இரத்தக்கட்டியும்கூடக் கொஞ்சம் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது பத்திரிகைத் தலைப்புகளில் வரவில்லை. 51 வயதில் வேர்த்துக் கொட்டுகிறவளின் கதை வேறு. 60 வயதுக்குள், அல்லது தீட்டு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் தீமையைவிட நன்மை அதிகம் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

முதலில் டொக்டர் கேட்க வேண்டியது, கருப்பை இருக்கிறதா என்பது. ஒப்பரேஷன் செய்து எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கருப்பை இருந்தால் தனி ஈஸ்ட்ரோஜன் அதன் உட்சுவரைத் தடிக்க வைத்துப் புற்றுநோய்க்கு வழிவிடும். அதைத் தடுக்கப் புரோஜெஸ்டரோன் என்ற மற்ற ஓமோனும் கூடவே வேண்டும். அடுத்து, வாயாலா, தோலாலா? குளிசை ஈரல் வழியாகப் போவதால் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பேட்சும், பூசும் ஜெல்லும் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. பருமனானவர்கள், பிரஷர் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், பாரிசவாதம், மாரடைப்பு, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி, ஈரல் நோய் இவற்றில் ஒன்று வந்தவர்கள் ஓமோன் குளிசைப் பக்கம் தாமாகப் போகவே கூடாது. ஓமோன் இல்லாத மருந்துகள் அவர்களுக்கு உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகளே குறைந்த அளவில் இந்தச் சூட்டைத் தணிக்கின்றன.

இன்னொன்று, புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருப்பது. கிண்ணியாவில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. புரோஜெஸ்டரோனை மாதத்தில் பன்னிரண்டு பதினான்கு நாள் மட்டும் எடுத்தால் மாதா மாதம் இரத்தம் போகும். தினமும் எடுத்தால், முதல் சில மாதத் துளிகளுக்குப் பிறகு, பெரும்பாலும் போகாது. "நோன்பு பிடிக்கணும், தொழணும், திரும்பவும் அந்தக் கணக்கெல்லாம் என்னால ஏலாது மிஸ்ஸி" என்றார் ஒரு ராத்தா. கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிற அக்காமாருக்கும் அதே கவலை. தீட்டு முழுதாக நின்று ஒரு வருடமாகியிருந்தால் தினமும் எடுக்கும் முறையைக் கேட்கலாம். டொக்டர் தானாக இதைக் கேட்கமாட்டார். நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

வாய் திறக்காத இன்னொரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வேர்வை சில வருடங்களில் அடங்கும். பிறப்புறுப்பின் வறட்சி அடங்காது, வயதோடு கூடும். எரிச்சல், கணவனோடு சேரும்போது வலி, திரும்பத் திரும்பச் சலக்கடுப்பு, அடக்க முடியாத அவசரம். குச்சவெளியிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வரும் பெண்கள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். வழியில் எங்கே இறங்குவது என்ற பயம். சலக்கடுப்புக்கு அன்டிபயோட்டிக் மாற்றி மாற்றி வாங்குவார்கள். காரணத்தை யாரும் கேட்பதில்லை. இதற்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ, வைக்கும் சின்னக் குளிசையோ இருக்கிறது. முதல் இரண்டு வாரம் இரவில் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். இரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. கருப்பை இருந்தாலும் பொதுவாகப் புரோஜெஸ்டரோன் தேவைப்படாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் டொக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

நானும் பூசுகிறேன். டவுனில் ஒரு பாமசியில் கொழும்பிலிருந்து எடுத்துத் தந்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த என் தங்கச்சி, "அக்கா, புற்றுநோய், பாரிசவாதம் எண்டெல்லாம் போட்டிருக்கு, எறி இதை" என்றாள். குளிசைக்கான எச்சரிக்கையையே கிரீமுக்கும் அச்சடித்து வைத்ததால் வந்த வினை அது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், ஓமோன் மருந்துகளில் இருதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பது பற்றிய எச்சரிக்கை மட்டும் இருக்கும் என்றது. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கிரீமை எறிந்தவர்கள் எத்தனை பேரோ.

இங்கே கோணேசபுரியில் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள்; கஷாயம், லேகியம் எடுப்பவர்கள் எடுக்கட்டும், ஆனால் ஓமோன் தரும் டொக்டரிடம் மறைக்க வேண்டாம். சோயாவும் எள்ளும் உணவாக நல்லவை. வேர்வைக்கு அவற்றால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். இன்னொன்று: இந்த ஓமோன் குடும்பக் கட்டுப்பாடு அல்ல. ஐம்பதுக்குள் தீட்டு நின்றால் இரண்டு வருடம், ஐம்பதுக்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் கவனம் வேண்டும். நாற்பத்தெட்டில் பிள்ளை பெற்றவருக்கு நான் பிரஷர் பார்த்திருக்கிறேன்.

தீட்டு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு, மேலே சொன்ன ஓமோன் இரத்தம் தவிர, ஒரு துளி இரத்தம் கண்டாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. "திரும்பவும் குமரியாகிட்டன்" என்று சிரித்துக் கழித்தவர்களைத் தெரியும். கருப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் காட்டும். அதற்குக் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண்நோயியல் டொக்டரிடம் காட்டுங்கள்.