அறுந்த இழையும் அணைந்த விளக்கும்

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, அறுந்த முனைகளை முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். ஓரிழை போயிற்றென்று பாவு முழுவதையும் எறிந்துவிடுவார் எவருமிலர். ஆயின், அத்தறிக்கு மேலே தொங்கும் எல்.இ.டி. விளக்கு அணைந்துவிட்டால், அதனை முழுதாகவே எறிந்துவிடுகிறோம். இது ஏன் என்பதை அங்கத்தினர்கள் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

சிதம்பரம் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். தறிக்கூடத்தின் மூலையிலே ஒரு சாக்கு நிறைய அணைந்துபோன விளக்குகள் கிடந்தன. விலை மலிவு என்னும் ஒரே காரணத்தால் வாங்கப்பட்டவை. வாங்கி இரண்டு தீபாவளிகூட ஆகவில்லை. சேலைகளை முடித்துத் தரவேண்டிய ஐப்பசி மாதத்தில், மழை மூட்டத்தின் இருட்டில் சில தறிகள் நின்றன. நெய்யாத நாளுக்குக் கூலி ஏது?

எல்.இ.டி. விளக்கைக் குறை கூறுவது நம் கருத்தன்று. பழைய 40 வாட் குழல்விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்தால், ஏறத்தாழ 50 வாட் மின்சாரம் கொள்ளும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு அவ்வெளிச்சத்தைத் தந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால், விளக்கொன்றுக்கு 72 யூனிட் மிச்சம். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. நன்மை மெய்யே.

பின் விரைவில் அணைவானேன்? ஒளியை உமிழும் சில்லு நெடுநாள் உழைக்கக் கூடியது. வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் 'டிரைவர்' என்னும் பகுதியே பெரும்பாலும் முதலில் பழுதுறுகிறது. அதனுள் இருக்கும் கண்டென்சர், வெப்பத்தால் நாளடைவில் உலர்ந்துபோகும். மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் அதனைத் தாக்கும். மற்றொரு குறையும் உண்டு. சில்லுகள் மணிமாலைபோல் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தால் அவ்வரிசை முழுவதும் இருண்டுவிடும்.

பழைய குழல்விளக்கில் குழல் வேறு, சோக்கு வேறு, ஸ்டார்ட்டர் வேறு. எது கெட்டதோ அதனை மட்டும் கடையில் வாங்கி மாற்றினோம். புதிய விளக்கோ பலவகையில் ஒட்டி மூடிய ஒரே பொருளாக வருகிறது. மின்சாரத்தில் சிக்கனம் பெற்றோம். பழுதுபார்க்கும் வசதியை இழந்தோம்.

இக்குறையை நீக்க அறிஞர் கூறும் வழியே சுழற்சிப் பொருளாதாரம். பொருளை நீண்ட நாள் உழைக்குமாறு செய்தல், பழுதான பகுதியை மாற்றுதல், இறுதியில் அதன் உலோகங்களை மீட்டல் ஆகியவை அதன் படிகள். இவற்றிற்கு இடமளித்துத் தொடக்கத்திலேயே பொருளை அமைப்பது சூழலுக்கிசைந்த வடிவமைப்பு எனப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல், விளக்குச் சாதனங்களின் ஒளிமூலமும் டிரைவரும், தொழில்நுட்பக் காரணம் காட்டினாலன்றி, கழற்றி மாற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டுமென்பது சட்டம். 2016இல் துபாய் நகருக்கென ஒரு பல்பு செய்யப்பட்டது. அதில் ஒளியிழைகளைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தனர். வெப்பம் தணிந்தது, ஆயுள் கூடியது. நல்ல விளக்குச் செய்ய இயலும் என்பதற்கு இது சான்று.

தனியொருவர் கடையில் நின்று இவ்வாறு கேட்டால் யார் செவிசாய்ப்பர்? சங்கம் மொத்தமாக வாங்கும்போது கேட்கலாம். எனவே நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பாராக.

முதலாவது, விலைப்புள்ளி கோரும்போதே டிரைவர் தனியே கழற்றத்தக்கதாகவும், உதிரியாகக் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டுமென எழுதுக. உத்தரவாதக் காலத்தையும், நட்சத்திரக் குறியையும், நூலின் வண்ணத்தை உள்ளவாறே காட்டும் திறனையும் ஒப்பிடுக. கருநீலமும் கருப்பும் மயங்கும் ஒளி நெசவுக்கு ஆகாது.

இரண்டாவது, தகரக் கூரையை ஒட்டி விளக்கை மாட்டாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் இறக்கித் தொங்கவிடுக. நாற்றங்காலருகே விளக்குப்பொறி வைக்கும் உழவர், மழைநீர் புகாத விளக்கையே தேர்க.

மூன்றாவது, வாங்கிய நாளையும் அணைந்த நாளையும் இருப்புப் பதிவேட்டில் குறித்துவருக. உத்தரவாதம் கோர இதுவே சாட்சி.

நான்காவது, பழுதுபார்ப்பதை மின்பணி அறிந்தவரிடமே விடுக. இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். சரிசெய்ய இயலாதவற்றைக் குப்பையிற் கொட்டாது சேர்த்துவைத்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க. அவற்றிலுள்ள அலுமினியத்தை மீட்டு உருக்கினால், தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் 100இல் 5 பங்களவே போதும்.

மலிவாக வாங்கி இருமுறை வாங்குவது சிக்கனமாகாது. விளக்கின் விலையோடு, அது அணைந்ததால் நின்ற தறியின் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுக. அடுத்த பொதுப்பேரவையில் இப்பொருளை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.