பூமாலைக்குப் பின்னால் வந்த கடிதங்கள்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய விசைப்படகானாலும் சரி, காரைக்கால் படகானாலும் சரி, 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் போட்ட கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். வழக்கு, சிறை, படகு பறிமுதல். அந்த எல்லையை ஓர் அரசே அனுமதியில்லாமல் தாண்டினால் என்ன ஆகும்? 1987 ஜூன் 4 அன்று இந்தியா தாண்டியது.

அந்த மே மாதக் கடைசியில் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் விடுதலைப் புலிகளுக்கு எதிராகப் பெரும் தாக்குதலைத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் போவது முன்பே தடைபட்டிருந்தது. ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 படகுகளில் நிவாரணப் பொருள்களை இந்தியா அனுப்பியது. இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின.

மறுநாள் பிற்பகல் இலங்கைத் தூதரை டெல்லியில் வெளியுறவு இணையமைச்சர் நட்வர் சிங் அழைத்தார். விமானங்கள் வரும், தடுத்தால் பதிலடி இருக்கும் என்றார். பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் பறந்து, சுமார் 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தில் பாராசூட்டில் போட்டன. காவலுக்கு மிராஜ்-2000 போர் விமானங்கள். இந்த நடவடிக்கைக்குப் பெயர்: ஆபரேஷன் பூமாலை. லட்சக்கணக்கானோர் வாழும் குடாநாட்டுக்கு 25 டன் எத்தனை வேளைக்கு வரும்? பசியைவிட கொழும்புக்குத்தான் அந்தப் பொட்டலங்கள் போடப்பட்டன என்பதே என் கணிப்பு.

இறையாண்மை மீறல் என்று இலங்கை கொதித்தது. சட்டப்படி அதில் தவறில்லை. இன்னொரு நாட்டின் எல்லைக்கு எதிராகப் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனம். தற்காப்பும் பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதியும் மட்டுமே விலக்கு. மக்களைக் காக்கும் பொறுப்பு என்ற கொள்கையை 2005-ல் உலகத் தலைவர்கள் ஏற்றார்கள்; ஆனால் ராணுவ நடவடிக்கைக்கு அப்போதும் அதே கவுன்சிலின் கதவைத்தான் தட்ட வேண்டும். அங்கே வீட்டோ இருக்கிறது.

இத்தனைக்கும் இறையாண்மை நம் ஊருக்குப் பழகிய சங்கதி. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் பிரான்ஸிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான உரிமை கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. கொழும்புக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. எட்டே வாரத்தில், ஜூலை 29-ல், பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தம் தமிழர் பகுதிகளுக்கு அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசியது. அன்றே பரிமாறிக்கொண்ட கடிதங்கள் வேறு கதை பேசின: திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டுக்கும் ராணுவப் பயன்பாட்டுக்குத் தரக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், அந்நிய ராணுவ, உளவு ஆட்கள் விஷயத்தில் கலந்து பேச வேண்டும். டெல்லி எதற்காக எல்லை தாண்டியது என்று அறிய, ஒப்பந்தத்தை விட்டுவிட்டு இந்தக் கடிதங்களைப் படிக்கலாம்.

பின்னே ஒப்பந்தத்தை அமல்படுத்த இந்திய அமைதிப்படை போனது, புலிகளுடன் மோதியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. 2009-ல் இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது எந்த விமானமும் பொட்டலம் போடவில்லை. போர் முடிந்த சில நாளில், மே 27 அன்று, ஜெனிவா மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29-க்கு 12 என நிறைவேறியது. ஆதரித்த 29-ல் இந்தியாவும் ஒன்று.

1987 கடிதங்கள் பேசிய எண்ணெய்க் குதங்களுக்கான ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கையெழுத்தானது. அதிகாரப் பகிர்வின் பேரில் உருவான வட மாகாண சபைக்கு 2013-ல் முதல் தேர்தல் நடந்தது. 2018-ல் அதன் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை.