கற்பனை ராஜ்யத்து ஊறுகாய்க்கு உப்பு எங்கிருந்து வரும்?

அக்கா மகன் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறான். மாயாஜாலக் கதை. மழையே பார்க்காத ஒரு ராஜ்யம், வானத்தில் ரெண்டு சூரியன், பறக்கும் ஓணான் மேல் ஏறிப் போகும் படை. முதல் பத்து அத்தியாயத்தை அனுப்பிவிட்டு, "மாமா, எங்க இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். ஓணான் இடிக்கவில்லை. ரெண்டு சூரியனும் இடிக்கவில்லை. எட்டாவது அத்தியாயத்தில் படைவீரன் ஒருத்தன் மூட்டையை அவிழ்த்து, எண்ணெய் மிதக்கும் செக்கச்செவேல் மாங்காய் ஊறுகாயை எடுத்துக் கம்மஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறான். அங்கதான் இடிச்சது.

சிரிக்காதீங்க. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். 1937ல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' முதல் பதிப்பில், விருந்துக்கு வந்த மந்திரவாதி கண்டால்ஃப் கோழிக்கறியோடு தக்காளி கேட்பார். 1966ல் வந்த திருத்திய பதிப்பில் தக்காளியைக் காணோம். அந்த இடத்தில் ஊறுகாய் உட்கார்ந்திருக்கும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழைய ஐரோப்பா மாதிரி இருக்க வேண்டிய உலகத்தில் அது எப்படி முளைக்கும் என்ற உறுத்தல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். (உருளைக்கிழங்கும் அதே கண்டத்துச் சரக்குதான். அதை ஏனோ விட்டுவிட்டார்.)

நம்ம ஊர்க் கதைகளுக்கு இதே சிக்கல் மிளகாயில் வரும். மிளகாயும் அமெரிக்கச் செடிதான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகு. பேரிலேயே பாருங்க, மிளகை ஒட்டித்தான் மிளகாய்க்குப் பேரே வைத்திருக்கிறோம். ஊறுகாய் அதைவிட ரொம்பப் பழசு. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படையிலேயே மாவடு ஊறுகாய் பரிமாறுகிறார்கள். செக்கச்செவேல் நிறம் மட்டும் அதில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இதைச் சொன்னதும் பையன், "அது கற்பனை உலகம் மாமா, அங்க மிளகாய் இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனால் உப்பு? அவன் வரைந்து அனுப்பிய வரைபடத்தில் கடலே கிடையாது.

ஊறுகாயில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். மிச்சத் தண்ணீரையும் கெடுக்கிற கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும். உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துப் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். புளிப்பு ஏறி pஹெச் அளவு 4.6க்குக் கீழே போய்விட்டால், உயிரைப் பறிக்கும் பாட்டுலினம் கிருமியும் வளராது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூசணத்தை அண்டவிடாது, அவ்வளவுதான். எண்ணெய்தான் ஊறுகாயைக் காப்பாற்றுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறோம். உண்மையான காவல் உப்பும் புளிப்பும்தான்.

ஆக எண்ணெய் ஊறுகாய் என்பது உப்பும் எண்ணெயும் தாராளமாக இருக்கிற வீட்டுப் பண்டம். வறண்ட பூமியில் கொட்டிக் கிடப்பது வெயில் ஒன்றுதான். அதற்கு ஏற்ற ஊறுகாய் வத்தல். பையனுக்கு இது தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஏன்னா அவன் எழுதுற ராஜ்யம் வேற எங்கேயும் இல்ல, எங்க குமாரலிங்கபுரம்தான். கோடை லீவுக்கு அங்க போய்த்தான் அவன் ஓணானே பார்த்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைக்கிற கரிசக்காடு. பருத்திக்கும் கம்புக்கும் நடுவில் யாரும் விதைக்காமல் தானாகப் படரும் ஒரு கொடி மிதுக்கு. சுக்காங்காய் என்றும் சொல்வார்கள். கட்டை விரல் அளவு காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. அப்பத்தா அதைப் பறித்து வந்து கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைக்கும். காலையில் எடுத்து ஓலைப்பாயில் காயப்போடும். சாயங்காலம் திரும்ப அதே மோருக்குள். மோர் வற்றும்வரை இப்படியே நாலஞ்சு நாள், அப்புறம் கலகலன்னு சத்தம் கேட்கும்வரை வெறும் வெயில். மோர்மிளகாய்க்கும் இதே வழிதான்.

"முழுசா வெயில்ல போட்டுட்டா ஒரே நாள்ல காஞ்சிராதா அப்பத்தா?" என்று நான் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "மேல காயும்டா. உள்ள அழுகும்" என்றது. சரியான அறிவியல் அது. ரொம்ப வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி அடைபட்டுவிடும். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், பானையில் போட்ட பத்தாம் நாள் பூசணம் பூக்கும். ராத்திரி மோரில் போடுவது தோலை இளக்கி ஈரத்தைச் சமமாக்குகிறது, புளிப்பையும் உப்பையும் உள்ளே ஏற்றுகிறது.

இப்போ ரெண்டு சூரியன் உள்ள ராஜ்யத்தை யோசிங்க. ராத்திரியே சரியா வராத ஊரில் வத்தல் எப்படிப் போடுவார்கள்? நிலவறையில் மோர்ப்பானை வைத்து, வத்தலுக்காக ஒரு செயற்கை ராத்திரி உண்டாக்க வேண்டும். பையனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

உப்புக்கு வருவோம். எவ்வளவு குறைத்தாலும் வத்தலுக்கும் உப்பு வேணும். எங்க ஊருக்கு அது தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தது. சங்க காலத்தில் உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போன உமணர்களும் கரையிலிருந்து உள்நாட்டுக்குத்தான் ஓட்டினார்கள். உப்பு ஒரு பக்கமும் அது வேண்டியவன் மறுபக்கமும் இருந்தால், நடுவில் வரி வசூலிக்க ஒருத்தன் வந்து நிற்பான். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் செத்து விழுந்த அதே காலத்தை ஒட்டித்தான் வெள்ளைக்கார அரசு இங்கே உப்பு வரியைக் கூட்டியது. பஞ்சத்துக்கு என்று காயைச் சேர்த்து வைக்க நினைப்பவளுக்கு உப்பு விலை ஏறினால் என்ன ஆகும்? 1930 ஏப்ரல் 13ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து, 30ம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை வெறும் அடையாளப் போராட்டம் என்று சொல்கிறவர்கள், வத்தல் பானை இருக்கிற வீட்டில் வளராதவர்கள்.

"உன் வில்லனுக்கு மந்திரக்கோல் எதுக்குடா? உப்பளத்துச் சாவியக் குடு" என்றேன். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

ஒரு கைப்பிடி மிதுக்க வத்தல் அவனுக்குக் கொடுக்கலாம் என்று போன பொங்கலுக்கு ஊரில் தேடினேன். அப்பத்தா பறித்த காடு இப்போது முழுக்கச் சீமைக் கருவேலம். களைக்கொல்லி அடிக்கிற புஞ்சைகளில் கொடி தலைகாட்டுவதில்லை. கடைசியில் கண்மாய்க் கரை ஓரம் ஒரே ஒரு கொடி. நாலு காய்தான். ரெண்டைப் பழுக்க விட்டு, விதைக்கு எடுத்துத் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டு மதினியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று பையன் எட்டாவது அத்தியாயத்தை மாற்றி அனுப்பியிருந்தான். படைவீரன் மூட்டையில் இப்போது மிதுக்க வத்தல். கூடவே ஒரு கேள்வி: "மாமா, வத்தலைப் பொரிக்கணும்ல. போற வழியில எண்ணெய்க்கு எங்க போவான்?"

தணல்ல சுட்டுத் திங்கச் சொல்லு என்று பதில் போட்டிருக்கிறேன்.