வாசனை வந்ததும் வயிறு ஏன் உறுமுகிறது?

காலையில் கோப்பெங் கடைத்தெருவில் நடக்கிறீர்கள். எங்கோ நெத்திலி சம்பால் வாசனை. எச்சில் ஊறுகிறது, வயிறு உறுமுகிறது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே, வயிற்றுக்கு யார் தகவல் சொன்னது?

மூளைதான். அங்கிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு தகவலைக் கொண்டு போகிறது. உடனே இரைப்பை காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை விடுகிறது. அது அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது. சோறு வருமுன்பே அடுப்பு தயார்!

செரிமானத்தை நடத்துவது நரம்புகளே என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நம்பினார். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். அப்போதும் கணைய நீர் சுரந்தது. இரத்தத்தில் போன அந்தத் தூதுப்பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல் 1905இல் வந்தது. நரம்பும் ஹார்மோனும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது இன்று தெளிவு.

வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி சொல்பவை. உணவு குடலுக்குள் இறங்கியதும் சிசிகே, ஜிஎல்பி-1 ஆகிய ஹார்மோன்கள் சுரந்து, இந்த நரம்பைத் தூண்டி, 'போதும்' என்கின்றன. இன்று பலரும் பேசும் செமாக்ளூடைட் ஊசி, ஜிஎல்பி-1 போலவே செயல்படுவதுதான்.

ஆனால் 'போதும்' என்ற செய்தி வந்து சேர நேரம் பிடிக்கும். அவசரமாகச் சாப்பிட்டால் அதற்குள் தட்டு காலியாகிவிடும்! தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகளும் அவசரமாகத்தான் சாப்பிட்டார்கள். பால்மரம் வெட்டிய உழைப்பில் அது கரைந்தது. நாமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

• தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

• காய்கறி, மீன், பருப்பு முதலில், சோறு பிறகு. சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறையும்.

• கைப்பேசியைத் தள்ளி வைத்து, மென்று சாப்பிடுங்கள்.

இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

இன்றிரவு வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வயிறு சொல்வது மூளைக்குக் கேட்கட்டும்.