ரெண்டாவது ஜெயிலுக்கு சாவி யாரிடம்?

நம்ம ஊர்ல ஒருத்தர் ‘மஞ்சக் கடுதாசி’ கொடுத்துட்டார்னா, கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். சிங்கப்பூரில் மஞ்சளுக்கு அர்த்தமே வேற... கதை மறுபடி ஆரம்பம்!

ஜெயிலிலிருந்து ஊர் திரும்புகிறவன், மனைவி தன்னை ஏற்றுக்கொள்வாளா என்று பஸ்ஸில் தவிப்பதாக ஒரு அமெரிக்கப் பாட்டு உண்டு. சம்மதம் என்றால் அவள் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்க வேண்டும். அந்த ரிப்பனைத்தான் 2004-ல் சிங்கப்பூர் கையில் எடுத்தது. இயக்கத்தின் பெயரே ‘யெல்லோ ரிப்பன்’!

அவர்கள் சொல்வது இதுதான். கைதிக்கு ஜெயில் ரெண்டு. முதல் ஜெயிலின் கதவு ஒருநாள் திறந்துவிடும். வெளியே வந்தபிறகு ஊர் பார்க்கிற சந்தேகப் பார்வை இருக்கே, அது ரெண்டாவது ஜெயில். அதற்கு ரிலீஸ் தேதியே கிடையாது!

சூயிங்கம் விற்பதற்கே தடை போட்ட ஊர் அது. தப்பு செய்தவரைத் தட்டிக்கொடுக்கிற ஊரில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர்கள். ஆபத்தில்லாதவர் என்று தெரிந்தால், தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டிலேயே கழிக்கலாம். 2000-லிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. கணுக்காலில் மின்னணுப் பட்டை. பகலில் வேலைக்குப் போகலாம். குறித்த நேரத்துக்குள் வீடு வந்து சேரணும்!

2010-லிருந்து பேட்டைத் தொண்டர்கள் கைதியின் வீட்டுக்கே போகிறார்கள். ‘பசங்க படிப்பு எப்படி, செலவுக்கு என்ன பண்றீங்க?’ என்று விசாரித்து உதவிக்கு வழி செய்கிறார்கள்.

வேலைக்கு மனு போடும்போது, ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்ற கேள்வி வருமே? அதற்கும் 2005-ல் சட்டம் வந்தது. சின்னக் குற்றம், மூணு மாசத்துக்கு மேற்படாத தண்டனை, அப்புறம் அஞ்சு வருஷம் சுத்தம் என்றால், ‘இல்லை’ என்று தைரியமாக எழுதலாம்.

பலன்? 1998-ல் விடுதலையானவர்களில் 100-க்கு 44 பேர் ரெண்டே வருஷத்தில் திரும்ப உள்ளே போனார்கள். சமீப வருஷங்களில் அது 20-ஐ ஒட்டி வந்துவிட்டது. ரிப்பன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், வேலையும் வீடும் இருப்பவனுக்குத் திரும்பவும் உள்ளே போக நேரமேது?

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். நாளைக்கு உங்க ஆபீஸில் பக்கத்து சீட்டுக்கு அப்படி ஒருத்தர் வருகிறார். டிபன் பாக்ஸை நகர்த்தி இடம் கொடுப்பீங்களா... இல்லை, பர்ஸைத் தடவிப் பார்ப்பீங்களா?