மெத்தென்ற வண்டியும் மேடுபள்ளமும்

அலாஸ்காவில் தொடங்கித் தென்னமெரிக்காவின் தென்முனை வரை ஓடும் நெடுஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவிலுள்ள டாரியன் காட்டில் மட்டும் அறுந்து கிடக்கிறது. 1972இல் ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் குழு, இரண்டு ரேஞ்ச் ரோவர்களோடு அந்தச் சதுப்புக் காட்டுக்குள் இறங்கியது. மறுகரை சேர ஏறக்குறைய நூறு நாள் ஆயிற்று. வழியில், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. முன்னே போய் வழி பார்க்க உள்ளூரில் ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்க வேண்டியிருந்தது. சொகுசு வண்டி காட்டுக்கு ஆகாது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களை முறித்தவை அளவுக்கு மீறி ஏற்றிய சுமையும், சேற்றுக்கென்று பூட்டிய ராட்சத டயர்களும்தான். வண்டியின் மென்மைக்கு அதில் பங்கில்லை.

மென்மை வேறு, சுமை வேறு என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெரிய எஸ்யூவி பற்றிய பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர், அன்றைய லேண்ட் ரோவரின் விறைத்த பட்டை ஸ்பிரிங்குகளை விட்டுவிட்டு, நெடுந்தூரம் ஏறி இறங்கும் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாறியது. பயணிக்கு இடுப்பு வலிக்காமல் இருந்தது ஒரு பயன். சக்கரம் தரையை விட்டு எழாமல் இருந்தது அதைவிடப் பெரிய பயன். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. பூட்டு இல்லாத டிஃபரன்ஷியலில் அது சும்மா சுழல, தரையில் நிற்கும் ஜோடிச் சக்கரமும் வலுவிழந்துபோகும். குழியில் ஒரு சக்கரம் முழுதாக இறங்கி, பாறையில் இன்னொன்று முழுதாக மடங்கி ஏறினால்தான் நான்கும் வேலை செய்யும். உடம்புக்கு இதமான சஸ்பென்ஷன் பாறைக்கும் இதமானதே. (சொல்லப்போனால் அந்த முதல் ரேஞ்ச் ரோவரின் இருக்கைகள் வினைல், தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் பிறகு வந்தவை.)

உண்மையான எதிரி எடை. எடை கூடினால் பிடிப்பும் கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த பாறைச் சரிவில் கூடத்தான் செய்யும். ஆனால் மேலே இழுக்க வேண்டிய சுமையும் அதே விகிதத்தில் கூடுவதால், கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மண்ணில் நஷ்டம் தொடங்குகிறது. டயர் தரையை அழுத்தும் சராசரி அழுத்தம் ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. எனவே இரண்டரை டன் வண்டியும் ஒரு டன் வண்டியும் ஒரே காற்றழுத்தத்தில் ஓடினால், மேல்மண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கனத்த வண்டியின் தடம் அகலமானது. அகலமான தடத்தின் அழுத்தம் மண்ணுக்குள் இன்னும் ஆழம் வரை இறங்கும். டிராக்டர் விஷயத்தில் வேளாண் பொறியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது இது: மேல்மண் இறுகுவது காற்றழுத்தத்தால், அடிமண் இறுகுவது ஆக்சில் சுமையால். இறக்கத்திலும் இதே கதைதான். இரண்டரை டன் வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏழு மெகாஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை பிரேக்கிலும் எஞ்சினிலும் கரைக்க வேண்டும். 1,100 கிலோ எடையுள்ள ஜிம்னி என்ற சிறிய ஜீப்புக்கு அதில் பாதிகூட இல்லை.

மின்னணு உதவிகள் இதையெல்லாம் ஈடுகட்டாதா? ஓரளவு ஈடுகட்டும். சும்மா சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுபக்கம் தள்ளும் ஏற்பாடு பல கற்றுக்குட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 198 சென்டிமீட்டர் அகலமுள்ள லேண்ட் குரூசர் 300ஐ எந்த மென்பொருளும் மெலியவைக்காது. கலிஃபோர்னியாவின் ரூபிகான் போன்ற பாறைத் தடங்களில் இரண்டு கற்களுக்கு நடுவே கிடைக்கும் ஒரு சாண் இடம்தான் கதவு நசுங்குமா தப்புமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எடைக்கும் தகுதியான இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் மணல்மேடு மணல்மேடாக ஆயிரத்துக்கு மேல் கடக்க வேண்டும். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. நாலைந்து பேருக்கு வேண்டிய குடிநீர், எரிபொருள், உதிரி டயர் எல்லாவற்றையும் சிறிய வண்டியில் ஏற்றினால் அதன் அச்சுகள் திணறும். ஆஸ்திரேலியாவில் விற்ற லேண்ட் குரூசர் 200க்கு இரண்டு தொட்டிகளில் 138 லிட்டர் கொள்ளளவு கொடுத்தது வீண் ஆடம்பரம் அல்ல. ஓட்டுநர் களைக்காமல் இருப்பதும் அங்கே பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

சொகுசின் பெயரில் வரும் உண்மையான கேடு ரிம்மில் இருக்கிறது. 18 அங்குல ரிம்மில் 275/65 அளவு டயரையும், 23 அங்குல ரிம்மில் 285/40 அளவு டயரையும் மாட்டினால் இரண்டின் வெளி உயரமும் ஏறக்குறைய ஒன்றே. பக்கச்சுவரோ முதலாவதில் சுமார் 18 சென்டிமீட்டர், இரண்டாவதில் 11 சொச்சம். மணலில் காற்றைப் பாதியாகக் குறைத்தால்தான் டயர் தட்டையாகி மிதக்கும். மெல்லிய பக்கச்சுவரில் அப்படிக் குறைத்தால் ரிம் கல்லில் இடிக்கும், டயர் கிழியும். இதை நாகரிக மோகம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வண்டி கனக்கக் கனக்க பிரேக் டிஸ்க் பெரிதாக வேண்டும், டிஸ்க் பெரிதானால் சிறிய ரிம் அதன்மேல் உட்காராது. அதனால் காட்டுப் பாதைக்கென்று பெரிய எஸ்யூவி வாங்க நினைப்பவர் விற்பனையகத்தில் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல. இந்த பிரேக்குக்கு மேல் மாட்டக்கூடிய மிகச் சிறிய ரிம் எத்தனை அங்குலம் என்பதை.