வருடக் கட்டணம் கட்டிவிட்டால் அப்பா ஜிம்முக்குப் போய்விடுவாரா?

அறுபதைத் தாண்டிய அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதும் பிள்ளைகள் தள்ளுபடியில் ஒரு வருட ஜிம் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். காசு வீணாகுமே என்றாவது தினமும் போவார் என்று கணக்கு. இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறவர்களைத்தான் தொடர்ந்து பார்க்கிறேன். விடாமல் போகிற பெரியவர்கள் சொல்லும் காரணமே வேறு: மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, ஒருநாள் வராவிட்டால் கூட்டாளிகள் போன் போட்டு விசாரிக்கிறார்கள், முழங்கால் வலி என்றால் பயிற்சியாளர் காதுகொடுத்துக் கேட்கிறார்.

ஆகவே முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. தடுமாறி விழாமல் காப்பது இதுதான். டிரெட்மில்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் ஜிம்மில் இது கிடைக்காது. சொல்லித்தர ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

பில் வாங்குங்கள். பயிற்சியாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் ஏராளம். சேரும்போது சொன்ன வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

ஜிம்மை மூடிவிட்டார்களா, சொன்ன பயிற்சியாளரைத் தரவில்லையா? 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடாது. நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, எவ்வளவு பணம் வர வேண்டும் என்று குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்து, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். வாய்ச்சண்டை எதற்கும் ஆதாரமாகாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. மனுவோடு ரசீது, வங்கிப் பரிவர்த்தனை நகல், வாட்ஸ்அப் உரையாடல், அஞ்சல் சான்று, உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். வெறுமனே போகப் பிடிக்கவில்லை என்று கேட்டால் பணம் கிடைப்பது கடினம். சேவைக் குறைபாட்டைக் காட்ட வேண்டும்.

இணையத்தில் போடத் தெரியாது என்று ஆணையத்துக்கு நேரில் போகிறவரை அலைக்கழிக்கும் ஊழியர்கள் உண்டு. மனுவை வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அந்த பில்லை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.